கை நீட்டாமல் கொட்டிய குழாய்

பழைய வீட்டுச் சமையலறையில், கை நீட்டினாலே தண்ணீர் கொட்டும் புதுக் குழாயை மாட்டினார் ஓய்வுபெற்ற தாசில்தார் வைகுண்டம். 'தண்ணீரை வீணாக்காதே' என்று அட்டையில் எழுதி, பக்கத்திலேயே நூலில் தொங்கவிட்டார். அன்றிலிருந்து தினமும் தொட்டி காலி.

"எழுதி வச்சும் கைநாட்டுக்குப் புரியல. கை நீட்டாம தண்ணி எப்படி வரும்? நாளைக்கு வேலைக்கு வராதே," என்றார் சமையல்காரி செங்கமலத்திடம்.

"இப்பவே சமையலறைய நீங்களே பூட்டிச் சாவிய வச்சுக்குங்கய்யா."

பூட்டினார். ஆளில்லாத உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. குழம்பிப்போய்த் திறந்தார். சாத்த முடியாத ஜன்னல் காற்றில் அட்டை ஆடியது. அது குழாய்முன் வந்தபோதெல்லாம் தண்ணீர் கொட்டியது.

அட்டையை அவிழ்த்தார். "நாளைக்கு வந்துடு."

"வரேன்யா. இந்தக் குழாயும் என்னை மாதிரி கைநாட்டுதான் போல."