ஒரே அமுக்கு

கடைசியில் சிரிக்க வைக்கிறேன், சத்தியம். ஆனால் இப்போது சிரித்தால் காரியம் கெட்டுவிடும். நானே துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

சீடன் வேல்மயில் குருவிடம் குறைப்பட்டான்.

"நான் செஞ்ச பட்டனை ஏன் அக்கா இன்னும் சேத்துக்க மாட்டேங்கறீங்க?"

குரு என்றால் தாடி கிடையாது. ஸ்கூட்டர் ஹெல்மெட் உண்டு. என் சித்தி சகாயமேரி, தூத்துக்குடி. வெள்ளம் வந்தால் யார் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று காட்டும் 'கூரை' அவர் தொடங்கிய செயலி. இலவசம். எந்த ஊரும் எடுத்துத் தனக்கென்று இணையத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

ஏற்றுவதுதான் பெரும்பாடு. அதற்குத்தான் அந்தப் பட்டன்.

"மழை வரப்போகுது அக்கா. இன்னைக்குச் சேத்தாதான் ஊர்களுக்குப் போய்ச் சேரும். ஒரே அமுக்கு, கிளவுட்ல ஏறிடும்."

"ஒரே அமுக்கா?"

"ஒரே அமுக்கு."

"சரி. சில பேருக்குப் பாக்கக் குடுத்திருக்கேன். உன் நம்பரும் குடுத்திருக்கேன். சாயங்காலம் வரைக்கும் யாரும் உன்னைக் கூப்பிடலேன்னா சேத்துருவேன்."

குரு என்னைப் பார்த்தார்.

நான் அக்கம்பக்கத்தில் ஃபோன்களை இரவல் வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். தொண்டையைக் கனைத்தேன்.

"தம்பி, தலைமையாசிரியர் பேசுகிறேன். பட்டனை அழுத்தியாயிற்று. இரகசியச் சாவி கேட்கிறதே, பீரோ சாவியா?"

"இல்ல சார், அது நீளமா கொஞ்சம் எழுத்து. நானே ஒண்ணு உருவாக்கி அனுப்புறேன். அப்புறம் எந்த நாட்டு நேரம்னு கேக்கும். இந்தியான்னு போடுங்க."

அடுத்த ஃபோன்.

"எய்யா, மீனவர் சங்கத்துல இருந்து பேசுதேன். என்னமோ சாவி கேக்குல்லா?"

"நானே உருவாக்கி அனுப்புறேன் அண்ணாச்சி. கீழ இந்தியான்னு போடுங்க."

"தூத்துக்குடி இந்தியாவுலதான் இருக்குன்னு அதுக்குத் தெரியாதாக்கும்?"

அதற்கும் அடுத்தது.

"ஹாஸ்டல்ல இருந்து சிஸ்டர் பேசறேன் மகனே. இங்க கொட்டுது மழை. சனமெல்லாம் நனைஞ்சுக்கிட்டு வாசல்ல நிக்குது. இந்தச் சாவிய நான் எங்க போய்த் தேட?"

வேல்மயில் அவசரமாகச் சொன்னான்.

"தேட வேண்டாம் சிஸ்டர். நானே உருவாக்கி..."

பாம் பாம்.

தெருவில், மண்டை பிளக்கும் வெயிலில், ஐஸ் வண்டி. கீழே வேல்மயிலுக்கு ஜன்னல் வழியாகவும் கேட்டது. ஃபோன் வழியாகவும் கேட்டது.

மாடிப்படிகள் தடதடத்தன.

"ஏய் பிரிசில்லா! சிஸ்டர் நீதானா?"

"ஆசீர்வாதம் மகனே."

"அண்ணாச்சி?"

"நாந்தாம்ல."

"அப்போ ஹெட்மாஸ்டரும்..." அடிக்கக் கை ஓங்கினான். "இது தெரியாம, ஒவ்வொரு தடவையும் பொறுமையா, அதே பதில..."

கை அந்தரத்தில் நின்றது.

"அதே பதில," என்றான் மெதுவாக.

முதலில் சிரித்தது அவன்தான். சிரித்துக்கொண்டே கீழே ஓடினான்.

"அக்கா! சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. சாவிய பட்டனே செஞ்சுக்கட்டும்!"