நெடுங்கரைக் கச்சேரிக்கு வந்த ஒரே ஆள்

மேலப்பொட்டலில் புத்திக்குக் கொஞ்சம் தட்டுப்பாடு உண்டே தவிர, பாட்டுக்குக் குறைச்சலே கிடையாது. ‘கானக்கடல் இன்னிசைக் குழு’ அந்த ஊர்க்காரர்களுடையதுதான். பாடுவது மாசிலாமணி, கீபோர்டு எபனேசர், டிரம்ஸ் கோட்டைச்சாமி. கடல் அவ்வளவுதான்.

மாசிலாமணிக்கு அதே ஊர் வைரப்பன் மகள் பூங்கோதை மேல் உயிர். பூங்கோதைக்கும் சம்மதம். வைரப்பன்தான் பிடி கொடுக்கவில்லை.

“நீ பாடி முடிக்கிற வரைக்கும் ஒரே ஒரு ஆளாவது எந்திரிக்காம உக்காந்திருக்கணும். அதை நான் என் கண்ணால பாக்கணும். பாத்தா பொண்ணைத் தாரேன். இல்லைன்னா தை மாசம் வேற இடத்துல முடிச்சிருவேன்” என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. அவன் பாட்டை அதுவரை யாரும் கடைசிவரை கேட்டதில்லை. அவன் அம்மாகூட இரண்டாவது சரணத்தில் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

இந்த நிலைமையில்தான் நெடுங்கரைக் கொடை விழாவில் பாட அழைப்பு வந்தது. காலைக் கச்சேரி. சாட்சி சொல்ல வைரப்பனும் வேனில் ஏறிக்கொண்டார்.

விழாக் கமிட்டித் தலைவர் போனில் வழி சொன்னார். “ஒண்ணும் கஷ்டமில்லை. நெடுங்கரை பஸ் பின்னாலயே வாங்க. பஸ்ஸை மட்டும் விட்டுராதீங்க.”

வேனை ஓட்டியது கோட்டைச்சாமி. அவன் விடுவானா? பஸ் நின்றால் வேனும் நின்றது. பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கினால் இவர்களும் இறங்கினார்கள்.

“இது நம்ம எறங்குற ஊரு இல்லையேடா?” என்றான் மாசிலாமணி.

“அதனாலதான் திரும்ப ஏறுறோம்” என்றான் கோட்டைச்சாமி. நியாயமாகத்தான் பட்டது.

நெடுங்கரையும் வந்தது. வழக்கம்போல இறங்கினார்கள், வழக்கம்போல ஏறினார்கள், பஸ் பின்னாலேயே போய்விட்டார்கள். பஸ் டெப்போவுக்குப் போனது. அங்கே பஸ்ஸைக் கழுவினார்கள். பின்னால் நின்ற வேனையும் சேர்த்துக் கழுவிவிட்டார்கள். ஜன்னல் திறந்திருந்ததால் எபனேசரையும் கழுவினார்கள். திரும்பி வரும்போது கமிட்டித் தலைவர் நடுரோட்டில் கையை விரித்து நின்றிருக்காவிட்டால் இன்றைக்கும் அந்த பஸ் பின்னால்தான் போய்க்கொண்டிருப்பார்கள்.

“இந்நேரத்துக்கு வாரீங்களே. ஊர் ஜனம் பூரா அடுத்த தெருவுல கறிச்சோத்துப் பந்தியில உக்காந்திருச்சு. நானும் போயி ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துர்றேன். கூட்டம் சேர்ந்ததும் ஆரம்பிங்க” என்று சொல்லிவிட்டுத் தலைவர் போனார். அதற்கப்புறம் அவரையும் காணோம்.

பந்தலில் மேடை இருந்தது, மைக் இருந்தது, வரிசை வரிசையாக நாற்காலிகள் இருந்தன. ஆள்தான் இல்லை. வைரப்பன் முன்வரிசையில் ஒரு நாற்காலியை எடுத்து, மேடைக்கு முதுகைக் காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏன் மாமா அந்தப் பக்கம்?” என்றான் மாசிலாமணி.

“நான் பாட்டுக் கேக்க வரலை. கேக்குறவுகளைப் பாக்க வந்திருக்கேன்.”

மூன்று பேரும் மேடையில் கூடி யோசித்தார்கள்.

“நாற்காலியில ஆள் உக்காந்தாத்தானே கூட்டம்? நாம மூணு பேரு இருக்கோமே” என்றான் எபனேசர்.

மூவரும் இறங்கிப் போய் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள்.

“கூட்டம் சேர்ந்திருச்சு” என்றான் கோட்டைச்சாமி.

“அப்ப ஆரம்பிச்சிரணும்” என்று மாசிலாமணி ஓடினான். மற்றவர்களும் பின்னால் ஓடி மேடையேறினார்கள். திரும்பிப் பார்த்தால் நாற்காலிகள் காலி.

“இன்னும் வாயைக்கூடத் திறக்கலை. அதுக்குள்ள கலைஞ்சு போயிட்டாங்களேடா” என்றான் மாசிலாமணி.

“மரியாதை தெரியாத ஊரு” என்றான் எபனேசர், தலையைத் துவட்டிக்கொண்டே.

மறுபடியும் இறங்கி உட்கார்ந்தார்கள். கூட்டம் சேர்ந்தது. மேடையேறினார்கள். கூட்டம் கலைந்தது. இப்படியே வேர்த்து விறுவிறுத்துப் போகும்வரை நடந்தது. எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த வைரப்பன், “வரத்தான் செய்யுறாங்க தம்பி. நிக்கத்தான் மாட்டேங்குறாங்க” என்றார்.

மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. கூட்டம் சேர்ந்தால் என்ன, சேராவிட்டால் என்ன என்று மைக்கைப் பிடித்தான். பூங்கோதையை நினைத்துக்கொண்டு தெரிந்த பாட்டையெல்லாம் பாடினான். பாவம், நன்றாகத்தான் பாட முயற்சி செய்தான். பந்தலுக்குள் வந்த ஒரு கோழிகூட பல்லவியோடு திரும்பிவிட்டது.

“முடிஞ்சுது மாமா” என்றான்.

“ஒருத்தரும் உக்காரலையே தம்பி” என்று வைரப்பன் கையை விரித்தார்.

“நீங்க உக்காந்திருந்தீங்களே” என்றான் எபனேசர். “கடைசி வரைக்கும் எந்திரிக்கவே இல்லையே.”

“அதை நான் பாக்கலையே. பாக்காத ஒண்ணை எப்படி நம்பிப் பொண்ணைக் கொடுக்குறது?”

மூவரும் தள்ளிப்போய்க் கூடிப் பேசினார்கள். கடைசியில் கோட்டைச்சாமி போய் வேனின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தான்.

வைரப்பன் உற்றுப் பார்த்தார். “அட, ஆமா. ஒருத்தரு உக்காந்திருக்காரு.” கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். “பெரிய இடம் மாதிரி தெரியுது. அவருக்குக் கல்யாண வயசுல பையன் இருக்கானான்னு கேளுங்க.”

மாசிலாமணி வேண்டாமென்று கையை ஆட்டினான். எபனேசர் கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டு, “ஐயா, உங்களுக்குப் பையன் இருக்கானா?” என்று கேட்டான்.

“எனக்கு ஏதுப்பா பையன்? ஒரே பொண்ணுதான்” என்றார் வைரப்பன்.

“அவரும் அதையேதான் சொல்றாரு மாமா. வாய் அசையுது பாருங்க.”

வைரப்பன் பெருமூச்சு விட்டார். கண்ணாடியில் இருந்தவரும் விட்டார்.

“பாவம், மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. அவரு பொண்ணுக்கும் ஒரு பாட்டுக்காரன்தான் வாய்ச்சிருக்கான். சரி மாப்ள, தட்டை மாத்திக்குவோம். ஆனா தேதி குறிக்கிறதுக்கு முன்னால அவுக வீட்டுக் கல்யாணம் என்னைக்குன்னு கேட்டுக்கங்க. ரெண்டும் ஒரே நாள்ல வந்துட்டா, நான் எந்தக் கல்யாணத்துக்குப் போறது?”