எலுமிச்சைப்புல் வாசம்

ஒரு காட்டில், மழைத்தண்ணீர் வடியாத ஒரு பள்ளம் இருந்தது. அங்கே கொசு மொய்த்தது. பக்கத்துப் புதரில் செவலி என்ற மான் ஒரு குட்டி போட்டிருந்தது. போன மழைக்குப் பிறந்த குட்டியைக் கொசுக்கடிக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்த மான் அது. அதனால் இந்தக் குட்டியை விட்டு இப்படி அப்படி நகராது.

ஒருநாள் அந்த வழியே கீரி வந்தது.

"கீரியண்ணே, உன்னைக் கொசு அண்டவில்லையே, எப்படி?"

"எலுமிச்சைப்புல்லைக் கசக்கிப் பூசியிருக்கிறேன். அதன் எண்ணெய் வாசம் கொசுவுக்கு ஆகாது. உன் குட்டிக்கும் பூசு. காதிலும் காலிலும் மட்டும். முதுகை விட்டுவிடு."

"முதுகில் கடிக்குமே?"

"நாலு கடி கடிக்கட்டும். நீ மோந்து பார்த்துக் குட்டியைக் கண்டுபிடிக்கிற இடம் அது. அந்த வாசத்தை மூடிவிடாதே."

கீரி போய்விட்டது. "நாலு கடியாம்! பெற்றவளுக்கல்லவா தெரியும்" என்று செவலி முனகியது. புல்லைக் குளம்பால் மிதித்து நசுக்கி, குட்டியை அதிலேயே புரட்டி எடுத்தது. ஒரு கொசுவும் கிட்டே வரவில்லை.

அதைப் பார்த்து, அதே மந்தையைச் சேர்ந்த சித்தாடி என்ற மான் ஓடி வந்தது. "அடியே, நல்லதெல்லாம் உனக்கு மட்டும்தானா?"

"வாடி, உன் குட்டியையும் புரட்டு. கொஞ்சம் பூசினாலே இவ்வளவு நல்லது. நிறையப் பூசினால் இன்னும் நல்லதுதானே!"

சாயங்காலத்துக்குள் மந்தையின் குட்டிகள் எல்லாம் ஒரே வாசம் வீசின.

அப்போது சிறுத்தை உறுமியது.

மந்தை சிதறி ஓடியது. ஓடையைத் தாண்டி அக்கரையில் போய் நின்றதும் குட்டிகள் தாயைத் தேடின. பேச்சு வராத பச்சைக் குட்டிகள். எல்லாம் ஒரே குரலில் கத்தின.

ஒரு குட்டி செவலியின் மடியில் வந்து முட்டியது. செவலி அதன் முதுகை மோந்தது. புல்வாசம். இன்னொரு முறை மோந்தது. புல்வாசம்தான்.

"இது என்னுடையது இல்லை. போ, உன் அம்மாவிடம் போ!" என்று உதைத்துத் தள்ளியது.

அந்தக் குட்டி சித்தாடியிடம் போனது. அங்கேயும் உதை. போக்கிடம் தெரியாமல், அம்மா தன்னைப் படுக்க வைத்த பழைய புதரைத் தேடி ஓடையில் இறங்கித் திரும்பிப் போனது.

"என் குட்டியைக் கண்டீர்களா? யாராவது கண்டீர்களா?" செவலி மந்தை முழுக்கச் சுற்றி வந்தது.

மழை பிடித்துக்கொண்டது. குட்டிகளின் மேலிருந்த புல்வாசம் கரைந்து வழிந்தது. ஒவ்வொரு தாயும் தன் குட்டியை மோந்து அணைத்துக்கொண்டது. செவலியின் மடிக்கு ஒன்றும் வரவில்லை.

மழை விட்டதும் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து காற்று வந்தது. அதில் செவலியின் குட்டியின் வாசம் இருந்தது. கூடவே சிறுத்தையின் வாசமும் இருந்தது.

கொசுக்கள் திரும்பி வந்து செவலியின் காதில் உட்கார்ந்தன. அது காதை உதறவே இல்லை.

நீதி: காக்கும் மருந்தும் அளவு மீறினால் காவு வாங்கும்.