இரண்டு ராகு காலமும் கடைசிப் படகும்

முப்பத்துமூன்று வருஷம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். மீசை அரும்பின பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "அஞ்சு வயசுதான் ஆவுது" என்று சொன்ன தாய்மார்களைத் தினமும் பார்த்தவன். பொய் எனக்குப் புதிதில்லை. ஆனால் தாய்லாந்தில் ஒரு படகுத் துறையில், மண்டை பிளக்கிற வெயிலில், எங்கள் டூர் மேனேஜர் குலசேகரன் அவிழ்த்துவிட்டாரே, அதற்குக் கிழித்துக் கொடுக்க என் பையில் டிக்கெட்டே கிடையாது.

முதலில் நாங்கள் படகைத் தவறவிட்ட லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். தென்காசிப் பக்கத்திலிருந்து முப்பத்தோரு பேர் போயிருந்தோம், மேனேஜர் தனி. அன்றைக்கு டூரின் கடைசி நாள், சனிக்கிழமை. மறுநாள் விடியற்காலை விமானம். ஒரு தீவுக்குப் போய், அடியில் கண்ணாடி வைத்த படகில் ஏறிப் பவளப்பாறை பார்ப்பதாக ஏற்பாடு. தீவுக்குப் போகிற படகு பன்னிரண்டரைக்கு. தங்கியிருந்த இடத்திலிருந்து துறைக்கு ஒரு மணி நேரப் பயணம். எட்டரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. பக்கத்து இந்தியன் ஓட்டலில் பொங்கலைத் தின்று கை கழுவவே ஒன்பது ஆகிவிட்டது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். சரி, பத்தரைக்குப் போனாலும் போதும் என்று உட்கார்ந்துவிட்டோம்.

பத்தரைக்கு எல்லாரும் பஸ்ஸில் கால் வைக்கிற நேரம், ரைஸ்மில் ஆவுடையப்பன் அண்ணாச்சி ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார்.

"இந்த ஊரு கடியாரம் நம்ம ஊரவிட ஒன்றர மணிக்கூர் முந்தில்லா ஓடுது? அப்ப தென்காசில இப்பத்தான ஒம்பது? ராகு காலம் இப்பத்தான தொடங்குது?"

ராகு போகிற ஊர்க் கணக்கா, பிறந்த ஊர்க் கணக்கா என்று இரண்டு கட்சி ஆகிவிட்டது. குலசேகரனுக்கு யாரையும் பகைத்துக்கொள்ளப் பயம். "எதுக்கு வம்பு, ரெண்டையும் பாத்துருவோம்" என்றார். பார்த்தோம். ஒரே நாளில் இரண்டு ராகு காலம் பார்த்த கூட்டம் உலகத்திலேயே நாங்கள்தான் இருக்கும். பன்னிரண்டு மணிக்கு நல்ல நேரத்தில் கிளம்பினோம். வழியில் ஏசி நின்றது. திறக்க முடியாத கண்ணாடிக்குள்ளே வெந்து, ஒன்றேகாலுக்குத் துறையில் இறங்கினால் படகு போய்விட்டிருந்தது. என் மனைவி செண்பகமும் இரண்டாவது ராகு காலத்துக்குக் கை தூக்கியவள்தான். அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

இனி ஒரே ஒரு படகு, இரண்டரைக்கு. அது எமகண்டம். அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. பழைய டிக்கெட்டை இந்தப் படகுக்கு மாற்றித் தரச் சொல்லி கவுண்டரில் பேச வேண்டும், அவ்வளவுதான்.

எங்களில் அதிகம் தவித்தது லூர்து டீச்சர். சுரண்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் அறிவியல் நடத்தியவர். "வருஷா வருஷம் கலர் சாக்பீஸ்ல பவளப்பாறை வரைஞ்சே கை ஓஞ்சு போச்சு. ஒருதடவ கண்ணால பாத்துரணும்" என்று சொல்லித்தான் இந்த டூருக்கே வந்திருந்தார்.

"கவுண்டர்ல பேசிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"பேசியாச்சு டீச்சர். நம்மள விட்டுட்டுப் போயிருவானா?"

பேசின அழகை நான் பார்த்தேன். கவுண்டர்ப் பெண் ஏதோ ஒரு கேள்வி கேட்டாள். இவர் அவளைப் பார்த்துச் சிரித்தார், கழுத்தைத் துடைத்தார், திரும்பி வந்துவிட்டார். வந்து தகரக் கொட்டகைக்குள் எங்கள் நடுவில் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எல்லாரும் முகத்தைக் கடுகடுவென்று வைத்திருந்ததைப் பார்த்தார். ஆரம்பித்தார்.

"இதெல்லாம் ஒரு வெயிலா அண்ணாச்சி? போன சித்திரைல நாப்பது பேரக் கூட்டிக்கிட்டு மலேசியா போயிருந்தேன். டீ குடிக்க பஸ்ஸ நிப்பாட்டுனோம். அஞ்சே நிமிசம். டயரு உருகி ரோட்டோட ஒட்டிக்கிட்டு. டிரைவரு ஆக்சிலேட்டர மிதிச்சான் பாத்துக்கிடுங்க, பஸ்ஸு நவுரல, ரோடு நவுந்துட்டு. ஓலப்பாயச் சுருட்டுனாப்ல டயர்ல சுத்திக்கிட்டே வருது. அடுத்த ஊரு தானா நம்மகிட்ட வந்துட்டு. அதுக்கு அடுத்த ஊரும் வந்துட்டு. எறங்காமலே நாலு ஊரு பாத்தோம்."

"அந்த ஊர்க்காரன் ரோட்டக் காணும்னு தேடலையாக்கும்?" என்றார் ஆவுடையப்பன்.

"வரும்போது ரிவர்ஸ் எடுத்து விரிச்சு விட்டுட்டுத்தான் வந்தோம். அடுத்தவன் பொருள் நமக்கு எதுக்கு?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். சிரித்தால் கோபம் இறங்கிவிடும் என்று அந்த ஆளுக்குத் தெரியும். தெரிந்த ஒரே தொழில் அதுதான்.

"தம்பி, மணி ஒன்னரை ஆகப்போகுது" என்றார் லூர்து டீச்சர்.

"நேரம் கெடக்கு டீச்சர். அந்தப் பிள்ள நமக்கு வேண்டப்பட்டது. எத்தன தடவ வந்திருக்கேன்!" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இதக் கேளுங்க. அதே டூர்ல எங்க சமையல்காரரு டிக்கில நாலு குண்டான் இட்லி மாவு வச்சிருந்தாரு. வெயில்ல மாவு பொங்கிட்டு. கொஞ்ச நஞ்சப் பொங்கலா? மொதல்ல டிக்கிக் கதவு தெறந்துட்டு. பொறவு சீட்டுக்கு அடியில வந்து நாப்பது பேரையும் சீட்டோட மேல தூக்கிட்டு. மேல வழியா வழிஞ்சு பஸ்ஸையே மூடிட்டு. மேல வெயிலு, கீழ கொதிக்கிற தாரு. பத்து நிமிசத்துல வெந்துட்டு. ஒத்த இட்லி. அதுக்குள்ள பஸ்ஸு. பஸ்ஸுக்குள்ள நாங்க."

"வெளிய எப்படி வந்திய?"

"தின்னுக்கிட்டேதான். முன்னால இருந்தவங்க முன்பக்கமாத் தின்னாங்க, பின்னால இருந்தவங்க பின்பக்கமாத் தின்னாங்க. மத்தியானம் ஆரம்பிச்சது, சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் வெளிச்சமே தெரிஞ்சுது."

செண்பகத்துக்கு வாய் சும்மா இருக்காது. "தொட்டுக்கிட என்ன வச்சிருந்திய?"

"மொளாப்பொடி. அதுகூட இல்லாமலா நான் டூர் நடத்துவேன்?"

"அதுக்கு எண்ண வேணும்லா?"

"எஞ்சின்ல இருந்துச்சுல்லா" என்றார் குலசேகரன், கண் இமைக்காமல். செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்போதுதான் லூர்து டீச்சர் எழுந்தார். கைப்பையிலிருந்து குடையை எடுத்தார், மேனேஜர் மடியில் இருந்த பழைய டிக்கெட் கட்டை எடுத்துக்கொண்டார், கவுண்டரைப் பார்த்து நடந்தார். கதை சொல்லுகிற மும்முரத்தில் மேனேஜர் கவனிக்கக்கூட இல்லை. நான் எழுந்து கூடப் போயிருக்க வேண்டும். கொட்டகைக்கு வெளியே அடித்த வெயிலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். அறுபத்தைந்து வயதுப் பெண்பிள்ளையைத் தனியே அனுப்பிவிட்டு இட்லிக் கதை கேட்டுக்கொண்டிருந்தது இன்றைக்கும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

குலசேகரன் அவர் போவதை இப்போதுதான் பார்த்தார். அதையும் கதைக்குச் சேர்த்துக்கொண்டார்.

"அங்க பாருங்க, டீச்சரோட நெழலு தரையில கெடக்கு. அப்படீன்னா வெயிலு கொறவுன்னு அர்த்தம். மலேசியாவுல மனுசன் கால் வைக்க முடியாத தரையில நெழலு எப்படிப் படுக்கும்? அதுக்கும் சுடும்லா? ஒவ்வொண்ணா எந்திரிச்சு பஸ்ஸுக்குள்ள ஏறிட்டு. தலைய எண்ணுதேன், நாப்பதுக்கு எம்பது வருது. சன்னலோர சீட்டு பூரா நெழலு. எந்திரின்னா எந்திரிக்க மாட்டேங்கு."

"நீரு சும்மாவா விட்டீரு?" என்றார் ஆவுடையப்பன். அவர் குரலில் இப்போது கேலி முற்றியிருந்தது.

"சும்மா விட முடியுமா அண்ணாச்சி? ஏர்போர்ட்ல ஆபீசரு, இதுகளுக்கு பாஸ்போர்ட் எங்கன்னு மறிச்சுட்டான். வரிசையா நிக்க வச்சு, அவங்கவங்க கால்ல பழையபடி ஒட்டிக் கூட்டியாந்தேன். அவசரத்துல ஒண்ணு ரெண்டு மாறிட்டு, இல்லங்கல. எங்க கூட வந்த பாக்கியத்தம்மாளுக்கு இன்னைக்கும் மீச வச்ச நெழலுதான். அவ வீட்டுக்காரரு சாயங்காலமானா அவகூட தெருவுல நடக்கதில்ல."

நான் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லூர்து டீச்சர் ஒரு தாளை வாங்கி ஏதோ வரைந்தார். கரும்பலகையில் வரைந்த கை, கோடு நேராக விழுந்திருக்கும். படகு ஒன்று, அதற்குள் குச்சி குச்சியாக ஆட்கள், ஓரத்தில் ஒரு கடியாரம் என்று பிறகு சொன்னார். இரண்டு கையையும் கூப்பிக்கூட ஒருதடவை கேட்டார். கவுண்டர்ப் பெண் சிரித்தாள், பென்சிலால் ஆட்களை எண்ணினாள், உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தாள். கடைசியில் கொஞ்சம் உதட்டைப் பிதுக்கி, புது டிக்கெட் கட்டு ஒன்றை நீட்டினாள். மணி இரண்டேகால்.

டீச்சர் திரும்பி வந்து தூணோரமாக நின்றார். ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம், "பைய எடுத்துக்கோங்க, எந்திரிங்க" என்று மெதுவாகச் சொன்னார். அது வாய்க்கு வாய் பரவி ஒவ்வொருத்தராக எழுந்து நின்றோம். குலசேகரன், தன் கதையை நின்றுகொண்டு கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மார்பை நிமிர்த்தினார்.

ஆவுடையப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார். "மேனேஜரே, கேக்கேன்னு தப்பா நெனைக்கப்படாது. அந்த டூர்லயாவது படகப் பிடிச்சீரா?"

"அங்கயும் படகு போயிட்டு அண்ணாச்சி. நான் அசரல. கரையில நின்னு பாக்கேன், கடலு தளதளன்னு கொதிக்கி. ஆவி ஆவியா மேல போவுது. அரை மணி நேரந்தான். கடலு சுத்தமா வத்திட்டு. நமக்கு முன்னால போச்சே ஒரு படகு, அது நடுவுல சேத்துல குத்தவச்சிருக்கு. நாங்க நாப்பது பேரும் செருப்பக் கையில எடுத்துக்கிட்டு நடந்தோம். வழிநெடுக மீனு பொரிஞ்சு கெடக்கு. சைவம் சாப்பிடுதவங்க மட்டும் மூக்கப் பொத்திக்கிட்டு வந்தாங்க. படகுக்காரன் என்னையப் பாத்து, அய்யா எங்களையும் கூட்டிட்டுப் போங்கன்னு கும்பிடுதான். பவளப்பாறையில சாஞ்சு ஒக்காந்து தண்ணி குடிச்சோம். தீவுல ஏறித் திரும்பிப் பாக்கேன், ஆவி பூரா மழையாப் பெஞ்சு கடலு ரொம்பிட்டு. ஒரு சொட்டு கொறையல. அன்னைல இருந்து நான் எந்தப் படகையும் நம்புததில்ல."

யாரும் சிரிக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே படகுக்காரன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்திருந்தான். நாங்கள் வரிசையாக நடந்து ஏறினோம். குலசேகரன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எங்களை முந்தி ஏறுவதற்காக ஓடிவந்தார். லூர்து டீச்சர் பலகையில் ஒரு காலும் படகில் ஒரு காலுமாக நின்று, கையிலிருந்த டிக்கெட்டை ஒருதடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"நல்லதாப் போச்சு தம்பி" என்றார். "முப்பத்தோரு எடந்தான் கெடச்சுது. நாங்க முன்னால போறோம். நீங்க நடந்து வந்துருங்க."