மாப்பிள்ளை மீசையும் நூல் கட்டின கண்ணாடியும்

ம் கொட்டினாத்தான் கதை. இல்லேன்னா பாதியிலயே எழுந்து போயிடுவேன், ஆமா.

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு சலூன். அதுல முடி வெட்டுறவர் பேரு சடையாண்டி. கத்திரியப் புடிச்சா சரக் சரக்னு பறக்கும். ஆனா பாவம், கண்ணு மங்கல். கிருதா எது, காது எதுன்னு தடவிப் பாத்துத்தான் வெட்டுவார். சிரிக்காத! காது போனவனக் கேளு, தெரியும்.

அவருக்கு ஒரே மக, வடிவு. அவளுக்கும் அப்பா மாதிரியே மங்கல் கண்ணு. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளைக்கு மீசைன்னா மீசை, இந்தக் காதுலேருந்து அந்தக் காது வரைக்கும். கல்யாணத்தன்னிக்கு அவருக்கு சவரம் பண்ணணும்ல? வேற ஆள் இல்ல, மாமனார்தான் பண்ணணும். மாப்பிள்ளையோட அம்மா, அவளுக்கும் கண்ணு மங்கல்தான், கறாராச் சொல்லிட்டா, "மீசையில ஒரு முடி குறைஞ்சாலும் கல்யாணம் கிடையாது!" சடையாண்டி அன்னிக்கே கத்தியத் தீட்ட உக்காந்துட்டார். எங்க, ம் காணோம்?

அப்போ ஊருக்கு ஒரு பெட்டி வந்துது. தூர தேசத்துல புது மூக்குக் கண்ணாடி வாங்கினவங்க, தங்களோட பழச, இல்லாதவங்களுக்கு ஆகட்டும்னு அனுப்பினது. கொண்டுவந்த அம்மா, "போட்டுப் பாத்து, தெளிவாத் தெரியறத எடுத்துக்குங்க"ன்னா. ஊரு கேக்குமா? ஓசியாச்சே! ஆளாளுக்கு அள்ளிட்டாங்க. நம்ம ஆளு இருக்கிறதுலயே பெருசா ஒண்ணு, தங்கக் கலர்ல ஒண்ணு, ரெண்டு எடுத்துக்கிட்டார்.

கல்யாணத்தன்னிக்குப் பெருச மாட்டிப் பாத்தா, ஐயய்யோ! மீசை முடி ஒவ்வொண்ணும் பனைமரமா நிக்குது. "கத்தி பத்தாது, கோடாலி கொண்டாங்க!"ன்னார். மாப்பிள்ளை வீல்னு கத்தினார்.

அப்புறம் தங்கக் கலர மாட்டினார். மாப்பிள்ளை கடுகத்தனை ஆயிட்டார். "ஐயோ, மாப்பிள்ளை ஓடுறாரே!"ன்னு கத்தியோட தடதடன்னு ஓடி, தெருக்கோடியில தாடியப் புடிச்சு நிறுத்தி, வழவழன்னு வழிச்சு விட்டார். "மே..."ன்னுது. ஆடு!

பெட்டியில மிச்சம் ஒண்ணே ஒண்ணு, கால் ஒடிஞ்சு நூல் கட்டினது. "இதுவும் தெரியலன்னா எம்பொண்ணு கல்யாணம் போச்சே"ன்னு அழுதுக்கிட்டே மாட்டினார். பளிச்! காது காதாத் தெரியுது. சரக் சரக் சரக். மீசையில ஒரு முடி குறையல.

அப்போ வடிவு வந்தா. "குடுங்கப்பா, கட்டிக்கப் போறவர நானும் ஒரு தரம் பாத்துடறேன்." மாட்டிக்கிட்டு மேலயும் கீழயும் பாத்தா. ஊரே மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னுது.

"ஆளு நல்லாத்தான் இருக்கார். அந்த மீசைய மட்டும் எடுத்துடுங்கப்பா."

"என்னடி சொன்னே!"ன்னு மாமியார்க்காரி கண்ணாடியப் புடுங்கி மாட்டிப் பாத்தா. "அடக் கண்றாவியே! இதுக்கா நான் இத்தனை சண்டை போட்டேன்? வழிச்சு விடுங்க சம்பந்தி!"

சரக்! அப்புறமென்ன, டும்டும்டும்னு தாலி கட்டியாச்சு.

என்ன கேட்டே? மீசையா? அத வீணாக்குவாங்களா! தாடி போன ஆட்டுக்கு ஒட்டி விட்டாங்க. பழசுதான், ஆனா இல்லாததுக்கு ஆகும்ல?

மீசை ஆட்டுக்கு, கண்ணாடி சலூனுக்கு, தூக்கம் உனக்கு. ம் கொட்டினது போதும், கண்ண மூடு.