ஒரு பிடி கூடுதல்

மாதையனுக்கு ஐம்பத்து நாலு வயது. லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு, முயல் வளர்க்கக் கற்றுக்கொள்ள ஏற்காட்டுச் சரிவில் இருந்த செண்பகவல்லியின் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். செண்பகவல்லிக்கு முப்பத்திரண்டுதான். ஆனாலும் மாதையன் வாய் நிறைய ‘டீச்சர்’ என்பார்.

கூடவே கற்றுக்கொண்டவள் ரோஸ்லின். காப்பித் தோட்டத்து வீட்டுப் பெண்.

ஒரே தாயின் எட்டுக் குட்டிகள் பால் மறந்த அன்று, டீச்சர் ஆளுக்கு நாலாகப் பிரித்துக் கொடுத்தார்.

“வாட்டின குதிரைமசால் புல்லு, அது தின்கிற மட்டும் போடுங்க. தானியத் தீவனம் காலையில ஒரு பிடி. ரெண்டு மாசம் கழிச்சு யாரோட கறி நல்லா இருக்கோ, அவங்களுக்கு மேல்கொட்டகைப் பொறுப்பும் சாவியும்.”

மேல்கொட்டகையில் முப்பது தாய் முயல்கள் இருந்தன. மாதையன் அன்று மாலைக்குள் அதில் பாதிக்குப் பெயர் வைத்துவிட்டார்.

மறுநாள் டீச்சர் சுற்றிவந்தார். மாதையனின் கூண்டு முன்னால் ஒரு நிமிடம் நின்றார். ரோஸ்லின் கூண்டு முன்னால் மூன்று நிமிடம்.

டீச்சர் தலை மறைந்ததும் மாதையன் குரலை மூக்குக்கு ஏற்றினார். தன் முயல்களிடம் நடித்துக் காட்டினார்.

“ஆஹா ரோஸ்லின்! என்ன பளபளப்பு ரோஸ்லின்! முயலா இது, பட்டுப்புடவையா ரோஸ்லின்!”

டீச்சர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. “புல்லு போதுமா?” என்றுதான் கேட்டிருந்தார்.

முயல்கள் காதை ஆட்டின. மாதையன் ஒரு பிடி மக்காச்சோளம் போட்டார்.

ரோஸ்லின் தன் குட்டிகளிடம் சிரித்துப் பேசினால் இங்கே ஒரு பிடி. டீச்சர் ரோஸ்லினுக்கு முதலில் டீ கொடுத்தால் கடலைப் புண்ணாக்கும் சேர்த்து ரெண்டு பிடி. முயல்கள் புல்லை முகர்ந்துகூடப் பார்க்காமல் ஆயின.

மூன்றாம் வாரம் ஒரு குட்டி வயிறு உப்பிச் செத்தது.

“கண்ணு பட்டுருச்சுங்க டீச்சர்.”

“யார் கண்ணுங்கண்ணே?”

மாதையன் தாடையை ரோஸ்லின் பக்கம் நீட்டினார்.

“நான் உங்க கூண்டுப் பக்கமே வரலைங்களே அண்ணா!”

“அங்க இருந்து பார்த்தா பத்தாதாக்கும்?”

டீச்சர் செத்த குட்டியின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். “தீவனம் ஒரு பிடிதானே போடறீங்க?”

“ஒரே பிடிதானுங்க.”

பொய் இல்லை. எத்தனை தடவை என்று டீச்சர் கேட்கவில்லை.

ரெண்டு மாதம் முடிந்தது. எடை போட்டார்கள். ரோஸ்லினின் பெரிய முயல் ரெண்டு கிலோ நூறு. மாதையனுடையது ரெண்டு கிலோ அறுநூறு.

“சாவி எங்கிருக்குதுங்க டீச்சர்?”

“கறின்னுதானே அண்ணே சொன்னேன்.”

டீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆளுக்கு ஒரு முயலை அறுத்து, தனித்தனிச் சட்டியில் உப்பு மட்டும் போட்டு வேகவைப்பார். மிளகாய் இல்லை, மசாலா இல்லை. தட்டுக்கு அடியில் அந்த முயலின் காதில் மாட்டிய அடையாள வில்லையை ஒளித்துவைப்பார். மாதையனுக்குச் சிவப்பு வில்லை, ரோஸ்லினுக்கு நீலம். எது நல்ல கறி என்று வளர்த்தவரே தின்று சொல்ல வேண்டும்.

“மூத்தவர் நீங்க. முதல்ல சாப்பிடுங்க.”

மாதையன் முதல் தட்டில் ஒரு துண்டை வாயில் போட்டார். நாக்கால் மேலண்ணத்தைத் துழாவினார்.

“மெழுகு பூசின மாதிரி இருக்குது. கறி எங்க? எல்லாம் கொழுப்பு. ஏம்மா ரோஸ்லின், என்னத்தைப் போட்டு வளர்த்தே? பாவம், வாயில்லாச் சீவன்.”

ரோஸ்லின் தலை குனிந்துகொண்டாள்.

ரெண்டாவது தட்டு. ஒரு துண்டு. கண்ணை மூடினார். இன்னொரு துண்டு. எலும்பைக்கூட உறிஞ்சிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

“இது நம்முது! என்னா ருசி. நம்ம கை பட்டதாச்சே, வாயில வச்சதும் தெரிஞ்சுபோச்சு.”

டீச்சர் காலித் தட்டைத் தூக்கினார். அடியில் நீல வில்லை.

மற்ற தட்டை மாதையனே தூக்கிப் பார்த்தார். மறுபடி வைத்தார். மறுபடி தூக்கினார். சிவப்புதான்.

ரோஸ்லின் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

“அவளைவிட நாலு பங்கு போட்டேனுங்க டீச்சர். நாலு பங்கு! நான் என்ன குறை வச்சேன்?”

டீச்சர் மேல்கொட்டகைச் சாவியை ரோஸ்லின் கையில் கொடுத்தார். பிறகு மாதையன் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“ஒவ்வொரு பிடி போடறப்பவும் எந்தக் கூண்டைப் பார்த்துட்டு இருந்தீங்கண்ணே?”

மாதையனின் கண் தன்னையறியாமல் ரோஸ்லினின் கூண்டுப் பக்கம் போனது. அவர் விரல் நுனிகளில் அவள் முயலின் கறி இன்னும் மணத்துக்கொண்டிருந்தது.