எறும்பு நுழையாத கதவு

ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் உப்பளம், ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஊரு கெடந்துச்சாம். அந்த ஊர்ல உலகநாதாசாரின்னு ஒரு தச்சாசாரி, அவருக்குத் தையல்நாயகின்னு ஒரு பொஞ்சாதி. விசிறிய நிறுத்தாதடி கனகு, காத்து நின்னா எனக்குக் கதையும் நின்னு போயிடும். அவங்களுக்குப் பட்டறைன்னு தனியா ஒண்ணும் கெடையாது, வீட்டோட முன்னறைதான் பட்டறை. அதுலதான் பலகை அறுக்கறது, அதுலதான் இழைக்கறது, மரத்தூள ஒதுக்கிட்டு அதுலதான் சோறு தின்றது. அந்த அறைக்குத் தெருவப் பாத்து, கெழக்கால, ஒரே ஒரு சன்னல். கடக்காத்து அது வழியா வந்தாத்தான் உள்ள மனுசன் நிக்க முடியும்.

கடலோரத்து வெயில் இருக்கே, அது வெறும் சூட்டோட போற வெயில் இல்ல. மத்த ஊர்ல வேர்த்தா வேர்வை காஞ்சிடும். இங்க காயாது. தோள்ல போட்ட துண்டு காயாது, கொடியில போட்ட சீலை காயாது, சாடியில வச்ச உப்பு கூடத் தண்ணி விட்டுக்கும். அதனால ரெண்டு பேரும் ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. கருக்கல்லயே எந்திரிச்சு அறுக்கற வேலைய முடிச்சிடுவாங்க, உச்சிவேளைக்கு உளி இழைப்புளிக்கெல்லாம் தேங்காயெண்ணெய் தடவி வச்சிட்டுப் படுத்துருவாங்க, அப்புறம் வெயில் தாழக் கடக்காத்து வந்ததும் வச்சிரம் காய்ச்சி ஒட்டற வேலை. வச்சிரம்னா மாட்டுத்தோலக் காய்ச்சி எடுக்கற பசைடா, அது காத்துல காஞ்சாத்தான் மரத்தப் புடிக்கும். இப்படியா அவங்க பாட்டுக்கு அவங்க பொழப்பு ஓடிக்கிட்டிருந்துச்சு.

அந்த ஊருக்கு ஒரு ராஜாவும் உண்டு. ஆனா பங்குனி பொறந்துச்சோ இல்லியோ, ராஜா மூட்டையக் கட்டிக்கிட்டு மலைக்குப் போயிடுவாரு. அவருக்கென்ன, மலை இருக்கு, போறாரு. ஊரப் பாத்துக்கச் சொல்லிக் காரியக்காரர் பெரியநாயகத்துக்கிட்ட முத்திரை மோதரத்தக் குடுத்துட்டுப் போவாரு. அந்தப் பெரியநாயகம் ஒரு நாளு புதுப் பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கிட்டுப் பல்லக்குல அந்தத் தெரு வழியா வந்தாரு. வந்த நேரம் ஆசாரி பலகை அறுத்துக்கிட்டிருந்தாரு. காத்து சுழிச்சு அடிச்சுச்சு, சன்னல் வழியா ஒரு கை மரத்தூளு போயிப் பட்டு மேல விழுந்துச்சு. அவ்வளவுதான் நடந்தது. தட்டிவிட்டாப் போயிடும். அந்த மனுசன் தட்டிவிடல. "அந்தச் சன்னல ஆணி அடிச்சு மூடு"ன்னுட்டாரு. மூடி, மேல அரக்கு வச்சு, ராஜ முத்திரையக் குத்தி, வாசல்ல ஒரு சேவகனையும் நிறுத்திட்டாரு. என் ஓலை இல்லாம இந்தச் சன்னல் தொறக்கக் கூடாதுன்னு உத்தரவு.

மூடினதோட விட்டாரா? மறுநாளே ஆள் விட்டாரு. புதுசா குளிரறை ஒண்ணு கட்டியிருக்காராம், வெயில் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு அதுக்குச் சன்னலே வைக்கலியாம். அதுக்குப் பலாமரத்துல, நாலு விரக்கட கனத்துல, ஆசாரி கதவு செஞ்சு குடுக்கணுமாம், கத்திரி பொறக்கறதுக்குள்ள குடுக்கணுமாம். இல்லாட்டி ஊரவிட்டுப் போகணுமாம்.

சன்னல் மூடின பட்டறையில எப்படிடா வேலை பாக்கறது? கொல்லையில போட்டுச் செய்யலாம்னா அங்க நெழல் ஏது, பலகை வளைஞ்சு போயிடும். ஆசாரி சாது. "பாத்துக்கலாம் தையலு"ன்னாரு. அவளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "எதப் பாத்துக்கறது? நீங்க பலகையப் பாருங்க, நான் அந்த மனுசனப் பாத்துட்டு வரேன்"னு கெளம்பிட்டா.

மொத தரம் போனா. "ஐயா, சன்னலத் தொறக்கச் சொல்லுங்க, உள்ள வேகுது"ன்னா. பெரியநாயகம் சாஞ்சு படுத்துக்கிட்டு, "வேகுதுன்னா வெட்டிவேர்த் தட்டி போடு, தண்ணி தெளி. இது கூடத் தெரியாதா உங்களுக்கு?"ன்னாரு. சரின்னு அவளும் வந்து தட்டி பின்னி, தண்ணிய ஊத்தி ஊத்தித் தொங்கவிட்டா. தட்டிய நனைச்சா அதுமேல காத்து அடிக்கணும், அப்பத்தான் குளிரும். காத்து வர வழியே இல்லாத அறையில ஈரத்தக் கட்டிவிட்டா என்ன ஆகும்? ஆவிதான் ஆகும். வச்சிரம் புடிக்கல, உளியெல்லாம் துரு ஏறிப்போச்சு, இழைச்ச பலகை ஊறிப் பருத்துப்போச்சு. ஆசாரி அதத் தடவிப் பாத்துட்டு மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிச்சாரு.

ரெண்டாந்தரம் போனா. "ஐயா, தட்டி போட்டும் வேகுது"ன்னா. "அப்படின்னா மோர் குடி. வெயிலுக்கு மோர் குடிக்கணும், எங்க வீட்ல எல்லாரும் அதான் குடிக்கறோம்"னாரு. அவளும் வந்து பானை நெறய மோர் கரைச்சுக் குடுத்தா, ஆசாரியும் குடிச்சாரு. குடிச்ச மோரெல்லாம் வேர்வையா மூக்கு நுனியிலேருந்து சொட்டிப் பலகை மேலயே விழுந்துச்சு.

அதுக்கு மூணாம் நாளு, இழைப்புளியத் தள்ளிக்கிட்டிருந்த மனுசன் அப்படியே சுருண்டு விழுந்துட்டாரு. கண்ணு சொருகிடுச்சு. தையல்நாயகி அவர வாசலுக்கு இழுத்துப் போட்டு மூஞ்சியில தண்ணி அடிச்சா. காவலுக்கு நின்ன சேவகனே பயந்து போயி, தலப்பாவ அவுத்து விசிறினான். கொஞ்ச நேரம் கழிச்சு முழிச்ச ஆசாரி, "பலகை பத்திரமா?"ன்னு கேட்டாரு. அவ தலையில அடிச்சுக்கிட்டா. அழுகையும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு, எத மொதல்ல காட்டறதுன்னு தெரியல அவளுக்கு.

அப்படியே எந்திரிச்சு மூணாந்தரம் போனா. "ஐயா, எம் புருசன் விழுந்துட்டாரு. கதவ வேற யாருகிட்ட வேணா வாங்கிக்குங்க, இல்ல சன்னலத் தொறந்து விடுங்க. எனக்கு அவரு வேணும்"னா. பெரியநாயகம் என்ன சொன்னாரு தெரியுமா? ரெண்டு பக்கமும் ரெண்டு ஆளு விசிற, நடுவுல உக்காந்துக்கிட்டு, "எல்லாருக்குந்தான் வெயில். பொறுத்துக்க"ன்னாரு.

அவ வீட்டுக்குத் திரும்பி வந்துட்டா. அப்புறம் எப்படியோ, ராவுக்கும் விடியலுக்கும் நடுவுல, வாசப்படியில உக்காந்து உக்காந்து, கதவ முடிச்சுட்டாங்க. கொண்டுபோய்க் குடுத்தா, "நல்ல நாளு பாத்துத்தான் மாட்டணும்"னு சொல்லிப் பத்து நாளு முத்தத்து வெயில்லயே சாத்தி வச்சுட்டாரு பெரியநாயகம். அப்பப் பாத்து மேல்காத்து சுடச்சுட அடிக்குது. மரம் சும்மா இருக்குமா? காஞ்சு ஒடுங்கிப்போச்சு. நாளு பாத்து மாட்டினா, நிலைக்கும் கதவுக்கும் நடுவுல ஒரு நெல்லு போற அளவுக்கு இடுக்கு.

"என்ன ஆசாரி இது, இதுல எறும்பு போவுது"ன்னாரு பெரியநாயகம்.

"ஐயா, அது இருக்கட்டும். இப்ப மரம் காஞ்சு கெடக்கு. கடக்காத்து திரும்பி ஈரம் பட்டா மரம் பருக்கும், அதுக்கு எடம் வேணும்"னாரு ஆசாரி.

"எறும்பு போற வழியில வெக்கையும் போகும். அடைச்சுக் குடு."

"வேணாங்கய்யா."

"அடைன்னேன்."

"நான் சொல்றதச் சொல்லிட்டேங்கய்யா"ன்னுட்டு ஆசாரி தையல்நாயகியப் பாத்தாரு. அவ, "காரியக்காரர் கேக்கறதச் செஞ்சு குடுங்க. எறும்பு என்ன, எறும்பு மூச்சு கூடப் போகக் கூடாது"ன்னா. அவரும் மெல்லிசா ஒரு பலாச்சட்டம் சீவி, கதவோரத்துல ஒட்டி, இழைச்சு, இறுக்கமா மாட்டிக் குடுத்துட்டாரு. கதவச் சாத்தினா கல்லுல கல்லு வச்ச மாதிரி உக்காந்துச்சு. பெரியநாயகத்துக்குச் சந்தோசம் தாங்கல.

கத்திரி பொறந்துச்சு. அன்னிக்கே கடக்காத்தும் திரும்பிடுச்சு, ஊரே பிசுபிசுன்னு ஆயிடுச்சு. பெரியநாயகம் மத்தியானச் சாப்பாட்ட முடிச்சாரு, குளிரறைக்குள்ள போனாரு. நாலு செவத்துலயும் வெட்டிவேர்த் தட்டி, நாலு மூலையிலயும் தண்ணிப் பானை, ஒரு சொம்பு மோரு. தட்டிக்கெல்லாம் தண்ணிய அடிச்சு ஊத்திட்டு, கதவத் தள்ளி இறுக்கிச் சாத்திட்டுப் படுத்தாரு. சன்னல் உண்டா அங்க? நீயே சொல்லு. கொஞ்ச நேரத்துல அறை இட்லிச் சட்டி ஆயிப்போச்சு. அப்பா சாமின்னு எந்திரிச்சுக் கதவ இழுத்தாரு. வரல. காலக் குடுத்து இழுத்தாரு. வரல. கைப்புடிய ரெண்டு கையாலயும் புடிச்சுத் தொங்கி இழுத்தாரு, கைப்புடி கையோட வந்துடுச்சு, கதவு அங்கயே இருந்துச்சு.

வெளியில ஆளுங்க கூடிட்டாங்க. அஞ்சு பேரு தள்ளினாங்க, அசையல. பத்துப் பேரு தள்ளினாங்க, அசையல. கோடாலி கொண்டாங்கடான்னு ஒருத்தன் சொல்ல, உள்ளருந்து, "டேய், பலாமரம்டா, ஒடைக்காதீங்க, ஆசாரியக் கூப்புடுங்க"ன்னு கத்தறாரு. அந்த வேக்காட்டுலயும் கதவு மேலதான் நெனப்பு.

ஆசாரி துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பினாரு. "நீங்க உக்காருங்க"ன்னு அவர உக்கார வச்சுட்டுத் தையல்நாயகி போனா. போயிக் கதவாண்ட நின்னு, "என்னங்கய்யா?"ன்னா.

"வேகுதும்மா, கதவத் தொறக்கச் சொல்லு."

"வேகுதுன்னா வெட்டிவேர்த் தட்டி போடுங்க, தண்ணி தெளிங்க."

"அதாலதாம்மா வேகுது."

"அப்படின்னா மோர் குடிங்க. வெயிலுக்கு மோர் குடிக்கணும்."

"குடிச்சு முடிச்சுட்டேன் தாயே. உசுரு போவுது."

"எல்லாருக்குந்தாங்கய்யா வெயில். பொறுத்துக்குங்க."

அவரு சொன்னது அவருக்கே ஞாபகம் வந்துடுச்சு போல. வெளியில நின்ன ஆளுங்களும் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க, அன்னிக்குப் பக்கத்துல நின்னு விசிறினவங்க அவங்கதானே.

அப்புறம் அவளே சொன்னா. "கதவ ஒடைக்காம எடுக்கணும்னா, ஒட்டின சட்டத்த உளி வச்சு நெம்பி எடுக்கணும். உளியெல்லாம் உங்க புண்ணியத்துல துரு ஏறிக் கெடக்கு. அதப் பட்டறையில சாணை புடிக்கணும். சன்னல் மூடின பட்டறையில எம் புருசன இனிமே நான் நிக்க விடமாட்டேன். சன்னல் தொறந்தா உளி வரும்."

"தொறந்துக்க, தொறந்துக்க"ன்னாரு.

"சேவகன் ஓலை கேப்பானே."

"இதோ எழுதறேன், மோதரத்தக் குத்தித் தரேன், வாங்கிக்க"ன்னு உள்ள எழுதிட்டாரு. எழுதின ஓலைய நீட்டணுமே. கதவு சந்துல வச்சுப் பாத்தாரு, போகல. கதவுக்கு அடியில தள்ளிப் பாத்தாரு, போகல. மேல எக்கி வச்சுப் பாத்தாரு, போகல. எறும்பே போகாதுன்னு செஞ்ச கதவுல ஓலை போயிடுமா?

"அப்பச் சத்தமாச் சொல்லுங்க. சேவகன் காதுக்குக் கேட்டாச் சரி"ன்னா தையல்நாயகி. சேவகன் அதே தெருவோட கோடியில, ஆசாரி வீட்டு வாசல்ல நிக்கிறான். பெரியநாயகம், "ஆசாரி வீட்டுச் சன்னலத் தொற"ன்னு மொணங்கினாரு. கேக்கலன்னா. இன்னும் கொஞ்சம் ஒசத்திச் சொன்னாரு. பக்கத்து வீடு வரைக்குந்தான் கேட்டுச்சுன்னா. மூணாந்தரம் அடிவயித்துலேருந்து கத்தினாரு பாரு, "நான் மூடினது தப்பு, உலகநாதாசாரி வீட்டுச் சன்னலத் தொறங்கடா"ன்னு. தெருவே வாசலுக்கு வந்துடுச்சு. கேட்டதுதான் தாமதம், அந்தச் சேவகன் ஆணியப் புடுங்கி எறிஞ்சான். அவனும் எத்தன நாளு அந்த வாசல்ல நின்னு வெந்திருப்பான்.

கடக்காத்து குபுகுபுன்னு உள்ள வந்துச்சு. தையல்நாயகி வீட்டுக்கு வந்து, புருசனச் சன்னலுக்கு நேரா உக்கார வச்சு, வேர்வையத் தொடச்சு, மோரக் கையில குடுத்தா. "அவரு உள்ள கெடக்கறாரு தையலு, பாவம்"னாரு ஆசாரி. "கெடக்கட்டும். மொதல்ல இதக் குடிங்க. எனக்கு உங்களப் பாக்கணும்"னா. அவரு குடிச்சு முடிச்சு, ஆற அமரச் சாணை புடிச்சு, போயிச் சட்டத்த நெம்பி எடுத்தாரு. கதவு தொறந்துச்சு. பெரியநாயகம் விரலெல்லாம் சுருங்கி, ஊறப்போட்ட பயறு மாதிரி வெளியில வந்தாரு.

வந்தவரு மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? "ஆசாரி, இந்தச் செவத்துல ஒரு சன்னல் வச்சுக் குடுப்பியா?"ன்னாரு. மறுநாளே ஆசாரி அங்க போயிச் சன்னல் சட்டம் அறுத்தாரு. அறுக்கும்போது காத்து சுழிச்சு அடிச்சுது, ஒரு கை மரத்தூளு பறந்து போயி அதே பட்டு அங்கவஸ்திரம் மேல விழுந்துச்சு. தையல்நாயகி பாத்துக்கிட்டே நின்னா. பெரியநாயகம் அவளப் பாத்தாரு, பட்டப் பாத்தாரு, கையால தட்டிவிட்டுக்கிட்டாரு. அவ்வளவுதான், போயிடுச்சு.

அடுத்தவன் சன்னல மூடறவன் ஒரு நாளு அந்த அறையில உக்காந்து பாக்கணும், வேற என்ன சொல்ல. கதவு அவங்க ஊர்ல, காத்து எல்லா ஊர்லயும், கதை சொன்ன எனக்கு ஒரு சொம்பு மோரு. எந்திரிச்சு அந்தச் சன்னல நல்லாத் தொறந்து விடுடி கனகு.